முடி கொட்டாத குட்டி

ஆறு மாதம் கழித்துக் காளிதாஸுக்கு மகளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது. வாயால் அல்ல, வாட்ஸப்பில். அப்போது அவர் தீவன மில்லில் மக்காச்சோள மூட்டை எடை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனை எடுத்துப் பார்த்தால், சுருட்டை முடியும் தொங்கு காதுமாக ஒரு நாய்க்குட்டியின் படம். அடியில் ஒரே வரி: "அப்பா, இந்த நாய்க்கு முடி கொட்டாதாம்."

இரண்டு பேரும் இருப்பது ஒரே வீடு. கீழே அவரும் மனைவி கோகிலவாணியும், மாடி அறையில் மகள் தனப்பிரியா. நடுவில் பதினேழு படி. அந்தப் பதினேழு படி இறங்கி வர ஒரு வார்த்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. மனுசன் மில் என்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோளத் தூசி விழுந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தனப்பிரியா பொங்கல் லீவுக்கு வந்த பெண். விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் பிளஸ் டூ படித்தாள். அங்கே வாரா வாரம் தேர்வு, வாரா வாரம் சுவரில் மார்க் பட்டியல். மார்க் குறைந்தால் அடுத்த பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். 'ஏ' பிரிவில் சேர்ந்தவள் இறங்கி இறங்கி 'எச்'சுக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் காளிதாஸின் போனுக்குச் செய்தி வரும். "இன்னும் கீழ எத்தனை செக்ஷன் இருக்குது சாமி?" என்று ஒருநாள் போனில் மகளிடம் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவருக்கு வாய் கொஞ்சம் அப்படி. லீவு முடிந்து பெட்டியைக் கட்டச் சொன்னபோது அவள் மாடி ஏறிக் கதவைச் சாத்தினாள். பொதுத்தேர்வு வந்து போனது, தோழிகள் கல்லூரிக்குப் போனார்கள், ஆடியும் பிறந்துவிட்டது. சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்குகிறாள். வைத்த சோற்றில் பாதியை உண்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

காளிதாஸுக்குப் புதுச்சத்திரம் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை. இருபத்தைந்து வருசமாகத் தீவனத் தூசியும் இறகுத் தூசியும் உள்ளே போய் நெஞ்சு பழுதாகிவிட்டது. சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் பண்ணை கேட்டைத் தாண்ட மாட்டார். நாய், பூனை முடி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனப்பிரியாவுக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்து உயிர். ஆனால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது எல்லாவற்றையும் வெறுத்துக் கதவடைத்துக் கிடக்கிறவள், அப்பன் மூச்சுக்கு ஒத்துவருகிற நாயாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் அவருக்குக் கண் கலங்கியது.

பண்ணை வேலையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலைத் தீவனம் போட்டதும் காளிதாஸ் கூண்டு வரிசையில் ஒரு நடை போவார். கொண்டை வெளுத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, அடிவயிற்று எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார்ப்பார். ரெண்டு விரல் நுழையவில்லை என்றால் அது முட்டை வைக்கிற கோழி இல்லை. "கழிவு" என்பார், கூடைக்குள் போடுவார். கறிக்கடை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு கோழிக்கு அரை நிமிசம்கூட ஆகாது. அந்தக் கணக்கில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை, அதில் பெருமையும் உண்டு.

ஏழு வயதில் தனப்பிரியா அப்படி ஒரு கோழியைக் கூடையிலிருந்து எடுத்துக் குளியலறையில் ஒளித்து வைத்தாள். "தீனி தின்னுட்டு முட்டை வெக்காததை வெச்சுக்கிட்டு என்ன சாமி பண்றது?" என்று காளிதாஸ் கேட்டார். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அழுதாள். சரி இருக்கட்டும் என்றார். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அதை வண்டியில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் சொன்னார்: "பரமத்தி வேலூர்க்காரர் ஒருத்தரு வந்தாரு சாமி. வளக்கோணும்னு ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு." வாயில் முதலில் வந்த ஊர் அது. பிள்ளை மூன்று வருசம் நம்பினாள். பஸ் பரமத்தி வேலூரைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்ப்பாள். நாலாவது வருசம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டார்.

அவள் அனுப்பிய நாய்க்குக் காக்கபூ என்று பேர். ஒரு பக்கம் காக்கர் ஸ்பேனியல், ஒரு பக்கம் பூடுல். "காக்காவா பூவான்னு மொதல்ல முடிவு பண்ணச் சொல்லுங்க" என்று பண்ணையாள் பொன்னன் சிரித்தான். விசாரித்ததில் சேலம் அஸ்தம்பட்டியில் ஜீவா டீச்சர் என்று ஒருவர் வைத்திருப்பது தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போனில் அவர் போட்ட நிபந்தனை விசித்திரமாக இருந்தது.

"மூணு ஞாயித்துக்கிழமை வரணும். வளர்க்கப் போறவங்களே வரணும். பழகிப் பார்த்துட்டு அப்புறமும் வேணும்னா தர்றேன்."

"ஏனுங்க டீச்சர், பொண்ணு பாக்கவே நான் ஒரு தடவைதான் போனனுங்க."

"பொண்ணு வாயைத் திறந்து சொல்லும். இது சொல்லாது."

வளர்க்கப் போகிறவர் வர வேண்டும் என்பதை மாடிப்படியில் நின்று எப்படிச் சொல்வது என்று புருசனும் பொண்டாட்டியும் இரண்டு நாள் யோசித்தார்கள். கடைசியில் காளிதாஸ் வாட்ஸப்பில்தான் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தனப்பிரியா படி இறங்கி வந்தாள். மூஞ்சி வெளுத்திருந்தது, கூந்தல் சடைபிடித்துப் பின்னால் ஒரு முடிச்சாகக் கிடந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். கோகிலவாணி அடுப்பை அணைக்க மறந்து பின்னாலேயே ஓடி வந்தாள். ஆண்டகளூர் கேட், மல்லூர் எல்லாம் தாண்டி, சேலம் வரைக்கும் காருக்குள் ஒருவரும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

டீச்சர் வீட்டில் வளர்ந்த காக்கபூ ஒன்று இருந்தது. ஐந்து வயது, பேர் ஜிலேபி. அடுப்படியில் ஒரு ஸ்பேனியல் தாயும் அதன் மூன்று குட்டிகளும். டீச்சர் குட்டிகளைக் காட்டவே இல்லை. தனப்பிரியா கையில் ஒரு சீப்பைக் கொடுத்து, ஜிலேபியை அவள் மடியில் தூக்கி வைத்தார்.

"படத்துல அழகா இருக்கும். வாங்கிட்டுப் போனா ஆறு மாசத்துல சிக்குப் பிடிச்சு, தோல் புண்ணாகி, ஏற்காடு அடிவாரத்துல இறக்கிவிட்டுட்டுப் போயிடறாங்க. ஜிலேபி நான் அங்க எடுத்ததுதான். முடி கொட்டாதுன்னா என்ன அர்த்தம்னு நினைக்கிறே? உதிர வேண்டிய முடி உதிராம உள்ளேயே சிக்கிக்கும். வெளிய பார்த்தா தெரியாது. தினம் தோல் வரைக்கும் சீவணும். காதைத் துடைக்கணும். தனியா விட்டா அழும். பகல் பூரா ஆள் வேணும் இதுக்கு."

"நான் இருப்பேன்," என்றாள் தனப்பிரியா.

காளிதாஸும் கோகிலவாணியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஒரு மணி நேரம் அவள் சீவினாள். சிக்கு வந்த இடத்தில் இழுக்காமல், விரலால் பிரித்துப் பிரித்து எடுத்தாள். ஜிலேபி தூங்கிப்போனது.

அன்று சாயங்காலம் அவள் தானாகக் கீழே வந்து, அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, சீப்பைப் பின்பக்கமாக நீட்டினாள். கோகிலவாணி எண்ணெய் வைத்து இழை இழையாக எடுத்தாள். பிரியாத இரண்டு சிக்கைக் கத்தரியால் வெட்டினாள். காளிதாஸ் வாசலில் நின்று, உள்ளே போனால் எழுந்து போய்விடுவாளோ என்று தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். ஏழு மாதத்தில் அந்த வீட்டில் அவர் மூச்சு சீராக ஓடிய சாயங்காலம் அது ஒன்றுதான்.

இரண்டாவது ஞாயிறு அவள் முன்சீட்டில் ஏறினாள். "ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா" என்றாள். காளிதாஸ் அதை நிறுத்தியே விட்டு, டீச்சர் வீடு வரைக்கும் வேர்க்க விறுவிறுக்க ஓட்டினார்.

அன்றைக்குக் குட்டிகளை விட்டார்கள். இரண்டு, படத்தில் இருந்த மாதிரியே சுருட்டை. குதித்து வந்து காளிதாஸின் செருப்பைக் கடித்தன. மூன்றாவது குட்டி அப்படி இல்லை. முடி நேராகத் தொங்கியது, மூக்கு நீளம். அது சுவரோரமாகவே நின்று பார்த்துவிட்டு, எல்லாரும் மற்ற இரண்டையும் கொஞ்சிக்கொண்டிருந்தபோது மெதுவாக வந்து தனப்பிரியாவின் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது.

"இதுங்கப்பா," என்றாள்.

டீச்சர் தயங்கினார். "கலப்புல இப்படித்தான் வரும். எது யார் சாயல்ல வரும்னு யாரும் எழுதித் தர முடியாது. இது முழுக்க அம்மா சாயல். இதுக்கு முடி கொட்டும் கண்ணு. அப்பாவுக்கு ஆகாதுன்னு போன்ல சொன்னாரே?"

"மாடியிலயே வெச்சுக்கறேன். தினம் ரெண்டு தடவை சீவறேன். நானே கூட்டித் துடைச்சுடறேன். கீழ ஒரு முடி வராது, அப்பா பக்கத்துல உடவே மாட்டேன்." மூச்சுவிடாமல் சொன்னாள். ஏழு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டிய ஆள் அந்த நேரம் பார்த்து மனதால் வேறெங்கோ இருந்தார்.

காளிதாஸுக்குக் கலப்பு என்றால் ஹேச்சரியிலிருந்து வரும் கோழிக்குஞ்சு. ஆயிரம் குஞ்சும் ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே வயதில் முட்டை. ஒன்று மாறியிருந்தால் அது பிசகு. கை தானாக நீண்டது. குட்டியைப் பின்னங்காலோடு சேர்த்துத் தூக்கினார். முடிக்கு எதிராகக் கட்டைவிரலை ஓட்டினார், உள்ளங்கையைப் பார்த்தார். நாலைந்து முடி ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வருசப் பழக்கம், யோசிக்கிறதுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"இது கழிவு சாமி. ஒரு பேட்ச் எடுத்தா ஒண்ணு ரெண்டு இப்படித்தான் தேறாம நிக்கும். கழிச்சு உட்ருங்க டீச்சர். தீனி தின்னுட்டு எதுக்கும் ஆகாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

குட்டியை இறக்கிவிட்டுக் கையை வேட்டியில் தட்டினார். தனப்பிரியா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்கு உறைத்திருக்கும். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை மறுபடி கேட்ட மாதிரிதான் பார்த்தாள். சீப்பை மேசைமேல் வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். குட்டி கேட் வரைக்கும் அவள் பின்னாலேயே ஓடி நின்றது.

வீட்டுக்கு வந்து மாடிக் கதவு சாத்தின சத்தம் கேட்ட பிறகுதான் கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பேச்சு பேசாட்டித்தான் என்னுங்க?"

"குட்டியைத்தானே சொன்னேன். முடி கொட்டுது, நெஞ்சுக்கு ஆகாது. அதுக்குத்தான..."

"எனக்குத் தெரியுமுங்க. அவளுக்கு எப்படி விழுந்திருக்கும்? பேட்ச்சுல தேறாம நின்னு ஊட்டுக்கு வந்தவளுங்க அவ. சோத்தைத் தின்னுட்டு மாடில கெடக்கறோம்னு அவளே நெனச்சுக்கிட்டு இருக்கறவ. பெத்த அப்பன் வாயால அதைச் சொல்லிப்போட்டீங்களே."

காளிதாஸ் படியில் உட்கார்ந்தார். இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை அடித்தார். அடைப்பு விடவில்லை. அது மருந்துக்கு விடுகிற அடைப்பும் இல்லை.

அந்த வாரம் தட்டுகள் வைத்தபடியே கீழே வந்தன. அவள் அம்மாவிடம் நீட்டிய சீப்பு கடைசிப் படியில் கிடந்தது. காளிதாஸ் தினம் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "சாமி, அந்தக் குட்டியையே எடுத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன்ற அப்பன் தெரியாம சொல்லிட்டேன்." உள்ளே மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. பண்ணையில் கூண்டு வரிசையில் நடந்தார், வெளுத்த கொண்டைகளைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. "ஏனுங்க, இந்த வாரம் கழிவே எடுக்கலீங்களே?" என்று பொன்னன் கேட்டபோது, அவனை அறையாத குறையாகத் திட்டிவிட்டுத் தீவனக் கிடங்குக்குள் போய்த் தனியாக நின்றார்.

மூன்றாவது ஞாயிறு எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. அவள் இறங்கவில்லை. காளிதாஸ் தனியாகவே கிளம்பினார். நேர்முடிக் குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

"அதுவா? நேத்துக் குடுத்துட்டேனே," என்றார் ஜீவா டீச்சர். "மூணு வாரமா சனிக்கிழமைல ஒரு குடும்பம் வந்துட்டிருந்தது. வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருக்காங்க. அந்த வீட்டு அம்மா கொட்டினா கூட்டிக்கறோம்னு சொல்லி, அதைத்தான் கேட்டாங்க. நீங்க கழிவுன்னு சொல்லிட்டீங்க. வேண்டாம் போலன்னு நினைச்சேன்."

"எந்த ஊருங்க அவங்க?"

"பரமத்தி வேலூர்."

காளிதாஸ் ஊர்ப் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். குட்டியைத் திரும்பக் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். டீச்சர் அவர் முன்னாலேயே போன் போட்டார். குட்டிக்குப் பேர் வைத்தாகிவிட்டது, பிள்ளைகள் கையிலிருந்து இறக்குவதே இல்லை, மன்னிக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சொன்னது. டீச்சருக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுருட்டைக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "கொண்டுபோய்க் காட்டுங்க. சேரலேன்னா ஒரு வாரத்துல கொண்டாந்துடணும். யார்கிட்டயும் தள்ளிவிடக் கூடாது."

திரும்பும் வழி முழுக்க அவருக்கு ஒரே யோசனை. வேறு ஊர்ப் பேரைச் சொல்லிவிடலாம். ராசிபுரம் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? மல்லூர் தாண்டும்வரை ராசிபுரம்தான் வாயில் இருந்தது. வீட்டுப் படியில் கால் வைத்தபோது, இல்லை, இந்தப் பிள்ளையிடம் இனி ஒரு பொய் சொல்வதில்லை என்று முடிவு கட்டினார். இருபது வருசத்தில் அவர் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றாகத்தான் இருக்கும். எடுத்த நேரம்தான் அப்படி.

கதவைத் தட்டினார். குட்டி குரல் கொடுத்தது. அந்தக் குரலுக்குக் கதவு ஒரு சாண் திறந்தது. தனப்பிரியா தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே நீட்டினாள். குட்டி அவள் விரலை நக்கியது. அவள் அதன் காதுக்குப் பின்னால் தடவினாள். காளிதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல குட்டிங்கப்பா," என்றாள். "இதை யாரு வேணாலும் எடுத்துக்குவாங்க. அது எங்கீங்கப்பா?"

"அதை வேறொருத்தங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சாமி."

"முடி கொட்டும்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான் சாமி. அதுதான் வேணும்னு ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போயிருக்கறாங்க."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. முகம் தெரிந்தது. அதில் ஏதோ ஒன்று அசைந்ததை அவர் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார்.

"யாருங்கப்பா? எந்த ஊரு?"

"பரமத்தி வேலூர்க்காரங்க."

அவள் குட்டியின் காதிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, ஏழு மாதம் கழித்து முதல் தடவையாக, லேசாகச் சிரித்தாள்.

"அன்னைக்குக் கோழியை வாங்கிட்டுப் போனாரே, அவருங்களாப்பா?"

கையை உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"சாமி, நெசம் சாமி, இது நெசம்!" என்று காளிதாஸ் கதவில் நெற்றியை வைத்துக் கத்தினார். கீழேயிருந்து கோகிலவாணி ஓடி வந்தாள். அவர் டீச்சருக்குப் போன் போட்டு, வேலூரிலிருந்து குட்டியின் படம் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அழுதார். கால் மணி நேரத்தில் படம் வந்தது. கொடிக்கால் ஓரம், ஒரு சிறுமியின் மடியில், நேர்முடிக் குட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதை அப்படியே மகளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

சுருட்டைக் குட்டி அவர் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டது. வெள்ளை வேட்டியில் ஒரு முடி இல்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டதற்கு இரண்டு டிக் விழுந்திருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை.